மூன்று வருடம் நான் நன்றி சொன்ன முறைப்பாடு

"அம்மா, நான் இஞ்சதானே பிறந்தனான்? பேந்து ஏன் நான் அந்த அறைக்குப் போகோணும்?"

போன இலையுதிர் காலத்தில், ட்ராமுக்குக் காத்து நின்றபோது என் மகள் இதைக் கேட்டாள். "நல்லாப் படிக்கிறதுக்குத்தான் குஞ்சு" என்று அவசரமாக ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானே நம்பாததை அவள் எப்படி நம்புவாள்? அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. அதில் பெரும்பகுதி சிரிப்புத்தான். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அந்த அறை அவளுடைய பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. டொச், அதாவது ஜெர்மன் மொழி, போதாத பிள்ளைகளைக் கிழமைக்கு மூன்று பாடவேளை வகுப்பிலிருந்து கூட்டிப்போய் அங்கே இருத்திப் படிப்பிப்பார்கள். ஃபோர்டர் வகுப்பு என்று பெயர்; கைகொடுத்துத் தூக்கிவிடும் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயம்தான். ஒரு சொல் டொச்கூடத் தெரியாமல் வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே இருந்து படித்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் தேறி வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். என் மகள் முதலாம் வகுப்பில் போய் இருந்தவள், மூன்றாம் வகுப்பு வந்தும் எழும்பவில்லை. அவள் பிறந்த ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் நாலாவது தரிப்பு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில் எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று காட்டிக்கொடுப்பது அவள்தான். அந்த அறைக்கு மொனிற்றர் ஆகிவிட்டாள்.

விசித்திரம் என்னவென்றால், அவள் பேசும் டொச்சைக் கேட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. விளையாட்டு மைதானத்தில் அவள் பேசும் வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கும். பேக்கரியில் நான் மனதுக்குள் வசனத்தை அடுக்கி முடிக்க முன்னர் அவள் பாணை வாங்கிப் பையில் போட்டுவிடுவாள். பிறகு எது போதவில்லை? யாருடைய பிழை?

என்னுடைய பிழைதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டமும் எடுத்துவிட்டு, கல்யாணம் செய்து பத்து வருடத்துக்கு முன்னர் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்தவள். கணவர் நாலு வயதிலேயே தாய் தகப்பனோடு இங்கே வந்துவிட்டார். அவருக்கு டொச் தண்ணீர் மாதிரி. முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று மாறிமாறி வரும். அதனால் பிள்ளையோடு இருப்பது அநேகமாக நான்தான். குழந்தையாக இருந்தபோது அவளோடு தமிழ் மட்டும் பேசினேன். பாலர் பள்ளியில் யாரோ ஒரு தாய், வீட்டிலும் டொச் பேசினால்தான் நல்லது என்று சொன்னார். சொன்னதைச் செய்யாமல் எனக்கு இருக்கத் தெரியாது. ஒரு வருடம் முழுக்க என்னுடைய அரைகுறை டொச்சில் பிள்ளையை வளர்த்தேன். அந்த வருடம் வீட்டில் ஒரு சத்தம் சண்டை இல்லை. ஏனென்றால் எனக்கு டொச்சில் ஏசத் தெரியாது. பிறகு களைத்துப்போய்த் தமிழுக்குத் திரும்பினேன். முதலில் செய்தது பிழையா, அதை விட்டது பிழையா, திரும்பவும் தொடங்கியது பிழையா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உண்மையில் நடந்துகொண்டிருந்தது வேறொன்று. அது கார்த்திகை மாதத்துப் பெற்றோர் சந்திப்பில் வெளிப்பட்டது.

வருடத்தில் ஒரு நாள், ஒவ்வொரு பெற்றோருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, வகுப்பு ஆசிரியை பிள்ளையைப் பற்றிப் பேசுவார். முதல் இரண்டு வருடமும் கணவருக்கு வேலை. நான் தனியாகத்தான் போனேன். இரண்டு வருடமும் ஆசிரியை முதல் வசனமாக ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: "உங்கள் மகள் மிகவும் அமைதியானவள்."

நானும் இரண்டு வருடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "மிக்க நன்றி."

ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் எழுதக்கூடிய ஆகப் பெரிய வார்த்தை அதுதான். அமைதியானவர், அடக்கமானவர். அதை வாங்குவதற்காக நான் பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். என் மகள் முதலாம் வகுப்பிலேயே வாங்கிவிட்டாள். யாழ்ப்பாணத்துக்கு அழைத்து அம்மாவிடம் சொன்னேன். இரண்டாம் வருடம் ஆசிரியை குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "மிக மிக அமைதி" என்று சொன்னபோது எனக்கு மனம் பூரித்துப்போய்விட்டது. அடுத்த நாளே இருபது ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் வருடம் கணவருக்கு லீவு கிடைத்தது. இருவரும் போனோம். ஆசிரியை அதே வசனத்தைச் சொன்னார். நானும் அதே நன்றியைச் சொன்னேன். பக்கத்தில் கணவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. வெளியே வந்து, பிள்ளைகள் கோட் கொழுவும் இடத்திலிருந்த குட்டி வாங்கில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏன் அவவுக்கு நன்றி சொன்னனீ?"

"பிள்ளையை அவ்வளவு வடிவாச் சொன்னவ. சொல்லாமல் இருக்கேலுமே?"

"அவ முறைப்பாடெல்லோ சொன்னவ!"

"என்ன முறைப்பாடு?"

"பிள்ளை வகுப்பில வாயே திறக்கிறாளில்லை எண்டு. இஞ்ச கதைக்கிறதுக்கும் புள்ளி இருக்கு. கை உயர்த்தோணும், கேள்வி கேக்கோணும், 'இல்லை, நான் அப்பிடி நினைக்கேல்லை' எண்டு சொல்லோணும்."

"ஆருக்கு? ரீச்சருக்கோ?"

"ரீச்சருக்குத்தான்."

"விசரே உங்களுக்கு?"

அவர் அந்த வாங்கிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். "மூண்டு வருசம் முறைப்பாட்டுக்கு நன்றி. அதுக்கு மேல ரோல்ஸ் வேற. அவ என்ன நினைச்சிருப்பா?"

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு அந்த இருபது ரோல்ஸும் ஞாபகம் வந்து, அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுத்த பெற்றோர் வந்து நின்றார்கள். இருவரும் எழும்பி நல்ல பிள்ளைகள் மாதிரி மாடிக்குப் போனோம். ஏனென்றால் எங்களுக்கு அடுத்த டெர்மின், அதுதான் சந்திப்பு நேரம், ஃபோர்டர் ஆசிரியையிடம் இருந்தது.

அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துவிட்டு மேசையில் தேடுகிறவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஒன்றும் தெரியாமல் வரும் பிள்ளையை எல்லாரும் கவனிப்போம். கேட்போம், விளங்கியதா என்று பார்ப்போம். உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள், புன்னகைக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறாள். அதனால் அவள் எங்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறாள். விளையாடுவதற்குத் தேவையான டொச் அவளிடம் நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று ஏன் நடக்கிறது, எப்படி நடக்கிறது, இது அதைவிட எப்படி வித்தியாசம் என்று விளக்கும் டொச் வளரவில்லை. பாவித்தால்தானே வளரும்?"

பிறகு எங்களுக்குத் தேவையானதைச் சொன்னார். கோடை விடுமுறைக்கு முன்னர், அவள் இந்த வகுப்பிலிருந்து வெளியே வரலாமா என்று இரண்டு ஆசிரியைகளும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். நாலாம் வகுப்பில், எந்த உயர்பள்ளிக்கு அனுப்பலாம் என்ற பரிந்துரை வரும். அதற்கு முன்னர் அவள் வகுப்பில் பேசத் தொடங்க வேண்டும். பங்குனி மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு விஷயத்தை எடுத்து வகுப்பின் முன்னால் நின்று விளக்க வேண்டும். றெஃபராட் என்பார்கள். "அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டேன், ஏன் பிள்ளை வகுப்பில் பேசுவதில்லை என்று. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள், ரீச்சர் சொன்னா ஓம் எண்டு சொல்லோணும், குறுக்க கதைக்கக்கூடாது எண்டு."

சொன்னேன்தான். பள்ளிக்கூடத்தின் முதல் நாள், இங்கே முதல் நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும், அவள் உயரத்துக்கு இருந்த இனிப்புக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது குனிந்து காதுக்குள் சொன்னேன். மூன்று வருடமாக அவள் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குப் பிறந்த பிள்ளை என்பதில் அன்று சந்தேகமே இருக்கவில்லை.

றெஃபராட்டுக்கு மற்றப் பிள்ளைகள் டொல்பின், எரிமலை, குதிரை என்று எடுத்தார்கள். என் மகள் எடுத்தது கடைத்தொகுதியில் இருக்கும் நகரும் படிகளை. மேலே வந்த படி பிறகு எங்கே போகிறது என்பது நாலு வயதிலிருந்தே அவளுடைய கேள்வி. எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். யானையை எடுத்தால் எவ்வளவு சொல்லலாம்! ஆனால் பேசினாலே போதும் என்ற நிலையில் யானைக்காகச் சண்டை பிடிக்கவில்லை.

இனி நான் செய்த வேலையைக் கேளுங்கள். எங்கள் ஊர் பேச்சுப் போட்டிகளில் நின்று பரிசு வாங்கியவள் நான். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் வருடா வருடம் பேச்சுப் போட்டி உண்டு. நான் எழுதிக் கொடுப்பேன், மகள் மூன்று நாளில் பாடமாக்குவாள், கையை நீட்டி மடக்கிப் பேசி முதலாம் பரிசோடு வருவாள். இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கிவிட்டாள். வாய் திறக்காத பிள்ளையை வாய் திறக்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நாலு நாள் அகராதியோடு இருந்து டொச்சில் இரண்டு பக்கம் எழுதினேன். கணவர் திருத்தினார். முன்னுக்கு, பேச்சுப் போட்டியில் சொல்வது போலவே ஒரு வணக்கத்தையும் டொச்சாக்கிச் சேர்த்தேன்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவரைக் கூப்பிட்டு இருத்தி, ஒத்திகை பார்த்தோம். மகள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வலது கையை உயர்த்தி, முழங்கினாள்.

"உவள் எலக்சன் கேக்கப் போறாளே?" என்றார் அக்கா. "படியைப் பற்றி ஒருத்தியும் இவ்வளவு கோபமாக் கதைச்சு நான் கேக்கேல்லை."

"அக்கா, பகிடியை விட்டுட்டுச் சொல்லுங்கோ. நல்லா இருக்கோ?"

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா எனக்கு இப்ப அந்தப் படியில ஏறப் பயமா இருக்கு."

வகுப்பில் பேச முதல், ஃபோர்டர் அறையில் ஒரு ஒத்திகை. கூட்டிவரப் போன என்னையும் ஆசிரியை உள்ளே கூப்பிட்டு ஒரு குட்டிக் கதிரையில் இருத்தினார். என் மகள் எழும்பி நின்றாள். "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே, அன்புக்குரிய மாணவ மணிகளே" என்று சுத்தமான டொச்சில் தொடங்கினாள். ஆறு பிள்ளைகள் இருந்த அறை. கை உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரு சொல் தவறவில்லை. "இத்துடன் எனது உரையை நிறைவு செய்கிறேன்" என்று முடித்துத் தலை குனிந்தாள். உக்ரைனிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன ஒரு சிறுமி மட்டும் எழும்பி நின்று கை தட்டினாள். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஆசிரியை கேட்டார்: "அருமையாகப் பேசினாய். எனக்கு ஒரு கேள்வி. மேலே வந்த படி பிறகு எங்கே போகிறது?"

என் மகள் புன்னகைத்தாள். "ஆம்" என்றாள்.

எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று இருந்தது. ஆசிரியை மகளை மேலும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இதை எழுதியது யார்?"

"நான்" என்றேன், பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஃபோர்டர் வகுப்பு தேவையில்லை."

அவர் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தார். மகளுக்கு இல்லை, எனக்கு. அந்த இரண்டு பக்கத்தையும் அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். இனி நான் ஒன்றும் விளக்கக்கூடாது, எழுதக்கூடாது, திருத்தக்கூடாது. அவள் எனக்கு விளக்க வேண்டும், அதுவும் தமிழில். என் வேலை, விளங்கவில்லை என்று சொல்வது. உண்மையாகவே விளங்கும்வரை விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது.

"தமிழிலா?" என்று இரண்டு தரம் கேட்டேன். வீட்டில் தமிழ் பேசியதுதான் பிழையோ என்ற என் பழைய பயம் உங்களுக்குத் தெரியும்.

"விளக்கம் எந்த மொழியில் பிறந்தாலும் பரவாயில்லை. முதலில் அது பிறக்கட்டும். டொச்சில் சொல்ல நான் உதவுகிறேன்" என்றார்.

படித்த பெண்ணுக்கு, விளங்கவில்லை என்று சொல்வதுபோல் கஷ்டமான வேலை வேறில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு வசதி இருந்தது. எனக்கு உண்மையாகவே நகரும் படிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வந்த புதிதில் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில், சேலையோடு அதற்கு முன்னால் நின்று, பின்னால் ஒரு வரிசையையே மறித்தவள் நான். அன்றிலிருந்து லிஃப்ட்தான்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து கடைத்தொகுதிக்குப் போனோம். மகள் என் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினாள். நான் கண்ணை மூடினேன்.

"கண்ணைத் திறவுங்கோ அம்மா. இப்ப மேல வரப்போகுது. பாருங்கோ, படி தட்டையாகுது. தட்டையாகி உள்ளுக்க போகுது."

"உள்ளுக்க எங்க?"

"கீழ."

"கீழ எண்டா?"

"திரும்பிக் கீழ. தலைகீழா."

"தலைகீழாப் போனா ஆக்கள் விழமாட்டினமே?"

"அம்மா! ஆக்கள் அப்ப இறங்கீட்டினம்!"

சத்தமாகத்தான் சொன்னாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வழமையில் நான் "ஸ்ஸ்" என்று அடக்கியிருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு விளங்கேல்லை" என்றேன்.

இறங்கினோம், ஏறினோம். சைக்கிள் செயின் மாதிரி என்றாள். செயினில் எங்கே படி இருக்கிறது என்றேன். ஒவ்வொரு படிக்கும் அடியில் சக்கரம் இருக்கும், அது செயினோடு ஓடும் என்றாள். அப்படியென்றால் ஏன் மேலே வந்ததும் தட்டையாகிறது என்றேன். அதற்குப் பதில் அவளுக்கும் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படியின் ஓரத்தில் குந்தினாள். எட்டாம் தரம் ஏறியபோது பாதுகாப்பு ஊழியர் ஒருவர் வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். அம்மாவுக்கு இந்தப் படி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கவில்லை, நான் விளங்கப்படுத்துகிறேன் என்று டொச்சில் சொன்னாள். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பராமரிப்புக்கு ஒன்றைக் கழற்றுவார்கள், வந்து பாருங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை போனோம். மஞ்சள் தடுப்புக்குப் பின்னால் நாலைந்து படிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே கருங்குழி, தடித்த செயின், எண்ணெய் மணம். குழிக்குள் நின்ற தொழில்நுட்பவியலாளரின் தொப்பி மட்டும் தெரிந்தது. என் மகள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், கையை உயர்த்தினாள். அவர் பார்க்கவில்லை. கையை இறக்கிவிட்டு, உரக்கக் கேட்டாள்.

"படி ஏன் மேலே வந்ததும் தட்டையாகிறது?"

அவர் நிமிர்ந்தார். கழற்றி வைத்த படி ஒன்றைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு சோடிச் சக்கரம். ஒவ்வொரு சோடிக்கும் தனித் தண்டவாளம். இரண்டு தண்டவாளமும் நடுவில் ஒருவிதமாகவும் முனைகளில் ஒருவிதமாகவும் விலகி ஓடுவதால் படி தானாகத் தட்டையாகும். பிறகு அடியால் தலைகீழாகத் திரும்பி வரும்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "தலைகீழ்! நான் சொன்னனானல்லோ!"

"ஓம் குஞ்சு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஆனாலும் விளங்கவில்லை என்று சொல்லி ட்ராமில் வரும் வழியெல்லாம் இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.

வீட்டில் கணவர் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு சோபாவில் அரைத்தூக்கத்தில் இருந்தார். அவரை எழுப்பி அவருக்கும் விளக்கினாள். அவர் டொச்சில் ஏதோ கேட்டார்.

"அப்பா, தமிழில கேளுங்கோ. அம்மாவுக்கும் விளங்கோணும்."

"அம்மாவுக்கு விளங்கீட்டுது. அவ நடிக்கிறா."

"இல்லை" என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சந்தோஷமான பொய் அது.

நிலக்கீழ் அறையிலிருந்து பழைய சைக்கிள் செயின் ஒன்றைக் கொண்டுவந்து, தீப்பெட்டிகளை ஒட்டி அவளே ஒரு நகரும் படி செய்தாள். கோணலாக இருந்தது. ஒட்டித் திருத்திக்கொடுக்க என் கை பரபரத்தது. சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தேன்.

றெஃபராட் ஒரு புதன்கிழமை. அன்று காலை முழுக்க நான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. கீழ் வீட்டு அக்கா மணம் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"பிள்ளை பேசப்போறாள், நீ ஏன் வீட்டை எரிக்கிறாய்?"

"அக்கா, அவள் ஓம் எண்டு மட்டும் சொல்லீட்டு வந்தா?"

"வந்தா சோறு குடு. வேற என்ன செய்யிறது?"

ஒன்றரை மணிக்கு மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே பேசத் தொடங்கினாள். கையில் தாள் இல்லாமல் பேசினாளாம். நடுவில் ஒரு வசனத்தை மறந்து, திரும்பத் தொடங்கினாளாம். ஒரு பிள்ளை, படிகள் உள்ளே போய்க் கடதாசி மாதிரி மடிந்து பெட்டிக்குள் அடுக்கப்படும் என்று சொன்னதாம்.

"நான் சொன்னன், இல்லை, நான் அப்பிடி நினைக்கேல்லை, ஏனெண்டால் மடிச்சு அடுக்கினா பெட்டி நிரம்பீடும், பேந்து படி முடிஞ்சுபோம் எண்டு. எல்லாரும் சிரிச்சவை அம்மா. என்னைப் பாத்து இல்லை. அந்தப் பெட்டியை நினைச்சு."

பிறகு தயங்கித் தயங்கி வீட்டுப்பாடக் கொப்பியை நீட்டினாள். வகுப்பு ஆசிரியை அதில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அன்றைய றெஃபராட் சிறப்பாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கணித பாடத்தில் அவள் மற்றவர்கள் பேசும்போது மூன்று தடவை குறுக்கிட்டாள், தன்னோடும் வாதாடினாள், தயவுசெய்து அவளுடன் பேசுங்கள்.

இந்த முறை எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலையில் இருந்த கணவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பிரேம் போடப்போறியே?" என்று பதில் வந்தது.

கடமை என்று ஒன்று இருக்கிறதே. மகளை இருத்தி, "மற்றவை கதைக்கேக்க குறுக்க கதைக்கக்கூடாது பிள்ளை. ஆனா கதைக்கோணும். ரீச்சரோட வாதாடக்கூடாது. ஆனா நினைக்கிறதைச் சொல்லாமல் விடக்கூடாது" என்றேன்.

"ஒரே மூச்சில ரெண்டையும் சொல்லாதைங்கோ அம்மா" என்றாள். அடிப்பிடித்த பருப்பை ஒதுக்கிவிட்டு, மேலிருந்ததை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வகுப்பில் கை உயர்த்துவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. சில நாள் திரும்பவும் ஊமையாகிவிடுகிறாள் என்று சொன்னார்கள். சில நாள் நிறுத்த ஏலாது என்றும் சொன்னார்கள். வீட்டில் எதற்கெடுத்தாலும் "நான் அப்பிடி நினைக்கேல்லை" என்று தொடங்குகிறாள். பாகற்காய், குளிப்பு, படுக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறாள். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இப்படிச் சந்தோஷமாகக் களைத்ததில்லை.

போன கிழமை இரண்டு ஆசிரியைகளும் எங்களைக் கூப்பிட்டார்கள். பேச்சைப் பொறுத்தவரை இனி ஃபோர்டர் வகுப்பு தேவையில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கணவர் மேசைக்குக் கீழ் என் கையை அழுத்தினார். ஆனால் எழுத்து இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. வாயால் அரைமணி நேரம் சொல்வதைத் தாளில் மூன்று வரியில் முடித்துவிடுகிறாள். அதனால் எங்களிடம் ஒரு படிவம் தந்தார்கள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, வரும் வருடத்திலிருந்து அந்த அறைக்குப் போகவே தேவையில்லை. மற்றது, எழுதுவதற்காக மட்டும் கிழமைக்கு ஒரு பாடவேளை போக வேண்டும். இரண்டுமே பிழையில்லை, பெற்றோர் நீங்கள் முடிவெடுங்கள் என்றார்கள். இரண்டுமே பிழையில்லை என்று என்னைப் போன்ற ஒருத்தியிடம் சொல்லக்கூடாது. நான் இரண்டிலும் பிழை கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த ஒரு பாடவேளை வருவது வகுப்புப் பிள்ளைகள் நீச்சலுக்குப் போகும் நேரத்தில். மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: போகமாட்டாள், ஏனென்றால் அவள் இப்போதுதான் கால் எட்டாத ஆழத்தில் நீந்தப் பழகியிருக்கிறாள். ஏனென்றால் என்று சொல்லிக் காரணமும் தருகிற பிள்ளையை நான் எப்படி மறுப்பது? கணவர் அவள் பக்கம். சின்ன வயதில் தன்னையும் இப்படிப் பிரித்துக் கூட்டிப்போன நாட்களை அவர் மறக்கவில்லை. திரும்பி வரும்போது வகுப்பு புத்தகத்தில் வேறு பக்கத்துக்குப் போயிருக்கும் என்று மட்டும் சொன்னார். கீழ் வீட்டு அக்காவோ, "ஊரில ரியூசனுக்கு எண்டு எவ்வளவு அலைஞ்சனாங்கள். இஞ்ச ஓசியா, வீட்டு வாசலில, ஒரு ரீச்சர் ஆறு பிள்ளையளுக்கு. வேண்டாம் எண்டு சொல்ல உனக்கென்ன விசரே?" என்கிறார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. நாலாம் வகுப்புப் பரிந்துரையில் எழுத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. நீச்சலுக்காக அதை ஏன் விட்டாய் என்று பின்னர் நானே என்னைக் கேட்பேனோ?

கோடை விடுமுறை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். படிவம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு நிற்கிறது. பென்சிலால் ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டு, அழித்து, மற்றதில் போட்டு, அதையும் அழித்துவிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில், இங்கேயோ வேறு நாடுகளிலோ இப்படி நெடுநாள் தனி வகுப்பில் இருந்த பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்களே அப்படி இருந்து வளர்ந்தவர்களாகவும் இருக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? கொஞ்சம் முன்னரே வெளியே எடுத்தது நல்லதாகப் போனதா, அல்லது இன்னும் ஒரு வருடம் விட்டிருக்கலாம் என்று நினைத்தீர்களா? பிள்ளை வளர்ந்த பிறகு அதைப் பற்றி என்ன சொன்னது? இன்னொன்றும் கேட்க வேண்டும். பேசவைக்க எனக்கு ஒரு வழி சொல்லித்தந்தார்கள். விளங்காதவள் மாதிரி இருந்தேன், அவள் பேசினாள். எழுதவைப்பதற்கு வீட்டில் நான் என்ன மாதிரி இருக்க வேண்டும்? பேனாவை நான் வாங்கி எழுதிவிடாமல் இருக்க என்ன வழி? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மூன்று கிழமைக்குள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.